சொல்ல முடியாத வலி

"சார், ஒரு மணி நேரம் கூட வர முடியுமா? டாக்டரம்மா கன்னடக்காரங்க. எனக்கு விளக்கிச் சொல்ல வராது."

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருமுனையில் ஆட்டோ நிறுத்துபவர் இப்படிக் கேட்டபோது ஆச்சரியமாக இருந்தது. தர்மபுரிப் பக்கத்திலிருந்து அவர் இந்த ஊருக்கு வந்து 16 வருடமாகிறது. போக்குவரத்துக் காவலரிடமே கன்னடத்தில் வாதாடி ஜெயிக்கிறவர். வயது 38. அவருக்கு எதற்கு மொழிபெயர்ப்பாளர்?

ஆயுர்வேத டாக்டரின் அறையில் காரணம் தெரிந்தது. "எல்லி நோவு?" என்று கேட்டார் டாக்டர். எங்கே வலி என்று அர்த்தம். நோவு என்பது இரண்டு மொழிக்கும் பொதுச் சொல். புரியாமல் போக வழியில்லை. நம் ஆள் முதலில் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். பிறகு அடிவயிற்றை. பிறகு தொடையை. கடைசியில் பரிதாபமாக என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தேவைப்பட்டது கன்னடச் சொல் அல்ல. ஏதாவது ஒரு மொழியில், வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரு சொல்.

தமிழில் முதுகலை படித்து, 20 வருடமாக மொழிபெயர்ப்பில் காலம் தள்ளும் எனக்கும் அந்த நிமிடம் நாக்கு ஒட்டிக்கொண்டது. விரை என்பது அகராதிச் சொல். அண்டம் என்பது சித்த வைத்திய நூல்களின் சொல். விதை, பீஜம் என்பவை சுற்றி வளைக்கும் சொற்கள். தெருவில் புழங்கும் சொல்லோ வசவுக்கு மட்டுமே பயன்படுகிறது. என் தயக்கத்தை டாக்டரே முடித்துவைத்தார். "விருஷணவா?" என்றார், முழங்கையைப் பற்றிக் கேட்பதுபோலச் சாதாரணமாக. "நாச்சிகே பேட." வெட்கம் வேண்டாம்.

அதன்பிறகு இரண்டு வருடக் கதை 10 நிமிடத்தில் வெளியே வந்தது. இடது பக்கம், மந்தமான இழுப்பு வலி. காலையில் தெரியாது. மதியத்துக்கு மேல், சில்க் போர்டு நெரிசலில் இரண்டு சவாரி முடித்தால் ஆரம்பித்துவிடும். இரவில் குப்புறப் படுத்தால் கொஞ்சம் அடங்கும். மனைவியிடம் முதுகு வலி என்று சொல்லியிருக்கிறார். அவர் பாவம், இரண்டு வருடமாக முதுகில் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறார்.

டாக்டரிடம் வருவதற்கு முன்பு அவர் போன இடம் மெஜஸ்டிக் பக்கம் ஒரு லாட்ஜ். மாதத்தில் குறிப்பிட்ட தேதிகளில் அங்கே வந்து தங்கும் 'பரம்பரை வைத்தியர்' வலி எங்கே, எப்போது என்று கேட்கவில்லை. இளம் வயதுப் பழக்கங்களைப் பற்றித்தான் கேட்டாராம். "நரம்பு செத்துக்கிட்டு இருக்கு" என்று பயமுறுத்தி, பெயர் ஒட்டாத டப்பாவில் லேகியமும், காகிதப் பொட்டலத்தில் சூரணமும் கொடுத்திருக்கிறார். மூன்று தவணையாக 14,000 ரூபாய். வலி அப்படியே இருந்தது. கூடவே ஆண்மை போய்விடும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. வேடிக்கை என்னவென்றால், மெஜஸ்டிக்கை ஒட்டிய தன்வந்தரி சாலையிலேயே ஜெயசாமராஜேந்திரர் பெயரில் அரசாங்கத்தின் இந்திய மருத்துவ ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே போயிருந்தால் பெயர் எழுதிச் சீட்டு வாங்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். லாட்ஜில் அந்தத் தொல்லை இல்லை. ரகசியத்துக்குக் கொடுத்த விலைதான் 14,000 ரூபாய்.

இத்தனைக்கும் இந்த வியாபாரத்துக்குக் கடிவாளம் போட 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் என்று பெயர். இன்னின்ன நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. புற்றுநோய், நீரிழிவு ஆகியவற்றோடு விரைவீக்கமும் அதில் இருக்கிறது. மீறினால் முதல் முறை ஆறு மாதம் வரை, மறுபடியும் மீறினால் ஒரு வருடம் வரை சிறை. சட்டம் அப்படியே இருக்கிறது. 'ஆபரேஷன் இல்லாமல் விரைவீக்கம் குணமாகும்' என்று எழுதிய சுவர்களையும் ஓசூர் தாண்டினால் பார்க்கலாம்.

ஆனால் ஆயுர்வேதத்தின் பெயரில் நடக்கும் இந்த வியாபாரத்துக்கும் ஆயுர்வேத நூல்கள் சொல்வதற்கும் சம்பந்தம் குறைவு. டாக்டரிடம் போய் வந்த வாரம் சுசுருதர், வாக்படர் நூல்களில் இது பற்றிய பகுதிகளை எடுத்துப் பார்த்தேன். எடுத்ததும் தெரிவது ஒன்று: அவர்களுக்கு வெட்கம் இல்லை. விரைப்பை வீக்கத்துக்கு 'விருத்தி' என்று பெயரிட்டு ஏழு வகையாகப் பிரிக்கிறார் சுசுருதர். வாதம், பித்தம், கபம், ரத்தம், கொழுப்பு ஆகியவற்றால் வருபவை ஐந்து. நீர் கோத்து வருவது ஆறாவது. குடல் இறங்கி வருவது ஏழாவது. கடைசி இரண்டையும் இன்று எந்த சர்ஜனும் உடனே அடையாளம் காண்பார். ஒன்று ஹைட்ரோசீல், இன்னொன்று ஹெர்னியா.

வாதத்தால் வரும் வகையை வாக்படர் விவரிக்கும் விதம் என்னை நிறுத்தியது. காற்று நிரம்பிய தோல்பை போலத் தொட்டால் தெரியும், சொரசொரப்பாக இருக்கும், காரணமே இல்லாமல் வலிக்கும் என்கிறார். காரணமில்லாத வலி! மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் விரை வலியை இன்றைய மருத்துவம் நாள்பட்ட வலி என்கிறது. எல்லாப் பரிசோதனையும் செய்த பிறகும் அவர்களில் கணிசமானவர்களுக்குக் காரணம் அகப்படுவதில்லை. தனியே வலியை மட்டும் பேசும் அத்தியாயம் பழைய நூல்களில் கிடையாது. விருத்தி என்பது முதலில் வீக்கம்தான். வீக்கமில்லாத வலியை அடிவயிற்றுக்குக் கீழே இயங்கும் அபான வாயுவின் கோளாறாகக் கணித்து, விருத்திக்குச் சொன்ன முறைகளையே இன்றைய ஆயுர்வேத மருத்துவர்கள் அளவு மாற்றிக் கையாள்கிறார்கள்.

அந்த முறைகளில் மருந்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது பத்தியம். குடலிறக்கம் நீங்கலாக மற்ற ஆறு வகைக்கும் சிகிச்சையை ஆரம்பிக்குமுன் சுசுருதர் ஒரு தடைப் பட்டியல் தருகிறார். குதிரை முதலான வாகனங்களில் ஏறக்கூடாது. கடும் உடற்பயிற்சி கூடாது. உடலுறவு கூடாது. மலஜல வேகத்தை அடக்கக்கூடாது. அதிக நேரம் உட்காரக்கூடாது. அதிகமாக நடக்கவும் கூடாது. பட்டினி கிடக்கக்கூடாது, செரிக்கக் கடினமானதைத் தின்னவும் கூடாது.

குதிரைக்குப் பதில் ஆட்டோ என்று போட்டுக்கொள்ளுங்கள். நம் ஆளின் ஒரு நாள் இதுதான். 12 மணி நேரம் ஒரே இருக்கை. வண்டியை நிறுத்த இடமில்லாததால் மணிக்கணக்கில் சிறுநீரை அடக்குவது. மதியம் இரண்டு பன், ஒரு டீ. ராத்திரி 11 மணிக்கு வயிறு முட்டச் சாப்பாடு. தடைப் பட்டியலில் பாதிக்கு மேல் அவர் தினமும் மீறிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஒன்றரை மணி நேரம் வீடு திரும்பும் இளைஞர்களின் கதையும் வேறு இல்லை.

மருந்துகளில் முதலிடம் விளக்கெண்ணெய்க்கு. வாத வகைக்கு அதைப் பாலில் கலந்து ஒரு மாதம் கொடுக்கச் சொல்கிறார் சுசுருதர். வாக்படர் சொல்லும் சுகுமார நெய்யிலும் விளக்கெண்ணெய் உண்டு. மூக்கிரட்டை, தசமூலம், பால், வெல்லம், நெய் எல்லாம் சேர்த்துக் காய்ச்சுவது அது. அதே வழியில் வந்த சுகுமாரக் கஷாயம் கேரள வைத்தியசாலைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. பெண்களின் மாதவிடாய்த் தொல்லைகளுக்கும் கொடுக்கிறார்கள். மலச்சிக்கலைப் போக்கி அடிவயிற்று இறுக்கத்தைத் தளர்த்துவதே நோக்கம். முக்கி மலம் கழிப்பவருக்கு இந்த வலி கூடும் என்பதை அனுபவப்பட்டவர்கள் அறிவார்கள்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பெயர் பெற்ற மருந்து கழற்சிக்காய். சங்க காலப் பெண்கள் கழங்காடியது இந்தக் காயை வைத்துத்தான். அதன் பருப்பை விளக்கெண்ணெயில் அரைத்து வீக்கத்தின் மேல் பற்றுப் போடுவது பாட்டி வைத்தியம். சித்த மருத்துவர்கள் அண்டவாதத்துக்கு உள்ளுக்கும் கொடுப்பதுண்டு.

ஒத்தடம் விஷயத்தில்தான் நூலும் வியாபாரமும் நேரெதிராக நிற்கின்றன. சூடான எண்ணெய்த் தேய்ப்பு, ஆவி, கிழி என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. சரகரோ வியர்வைச் சிகிச்சை பற்றிய அத்தியாயத்தில் மூன்று உறுப்புகளுக்கு எச்சரிக்கை வைத்திருக்கிறார். கண், இதயம், விரை. இவற்றுக்கு மிக லேசான சூடு கொடுக்கலாம். இல்லையென்றால் கொடுக்கவே கூடாது. விரைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே உடல் வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருப்பதற்காகத்தான். சூடு கூடினால் விந்தணு உற்பத்தி குறையும் என்பது இன்றைய பாடப்புத்தகம். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் சொன்ன எச்சரிக்கை இது.

அதைவிடப் பெரிய விஷயம், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நீர் கோத்த வீக்கத்துக்குக் கஷாயத்தோடு நின்றுவிடவில்லை சுசுருதர். கூரிய கருவியால் நடுக்கோட்டுக்குப் பக்கவாட்டில் கீழே துளையிட்டு, குழாய் வைத்து நீரை வடித்து, பைபோன்ற கட்டுப் போடச் சொல்கிறார். விரைப்பை வரை இறங்கிவிட்ட குடலிறக்கம் தன் மருத்துவத்துக்கு அடங்காது என்றும் சொல்லிவிடுகிறார். 'ஆபரேஷன் இல்லாமல்' என்று சுவரில் எழுதுகிறவர்கள் தங்கள் மூல நூலுக்கே எதிராக எழுதுகிறார்கள்.

எங்கள் டாக்டரும் அந்த மரபில் வந்தவர்தான். முதல் நாள் மருந்தே எழுதவில்லை. சிறுநீர்ப் பரிசோதனை, டாப்ளர் ஸ்கேன், சிறுநீரகவியல் நிபுணரிடம் ஒரு கடிதம். "இது முடிந்துதான் கஷாயம்" என்றார். நம் ஆளுக்கு ஏமாற்றம். இதற்கு எதற்கு ஆயுர்வேதம் என்று முணுமுணுத்தார். காரணத்தை டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இந்த முறை நான் உண்மையிலேயே மொழிபெயர்த்தேன்.

கருவில் விரைகள் உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பிறகுதான் கீழே இறங்குகின்றன. இறங்கும்போது தமக்குரிய நரம்பையும் ரத்தக் குழாயையும் இழுத்துக்கொண்டே வருகின்றன. அதனால் சிறுநீர்க் குழாயில் கல் அடைத்தாலும் வலி இங்கே தெரியலாம். முதுகெலும்பில் நரம்பு நசுங்கினாலும் தெரியலாம். இடது விரையின் சிரை நேராகப் பெருஞ்சிரையில் சேராமல், இடது சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேர்கிறது. ரத்தம் தேங்கி நரம்பு புடைக்கும் வெரிக்கோசீல் பெரும்பாலும் இடது பக்கம் வருவது அதனால்தான். ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. பலருக்கு வலி இருப்பதில்லை. விரைக்குப் பின்னால் சுருண்டிருக்கும் விந்துக் குழாயில் கிருமித் தொற்று, ஹெர்னியா, பழைய அடி, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு நிற்கும் வலி, யானைக்கால் கிருமி என்று காரணங்கள் வேறு வேறு. காரணம் வேறானால் சிகிச்சையும் வேறு. கிருமித் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் வேண்டும். அங்கே கஷாயம் குடித்துக் காத்திருப்பது காலத்தை வீணாக்குவது.

காத்திருக்கவே கூடாத இரண்டும் உண்டு. திடீரென்று தாங்க முடியாத வலி, வாந்தி, ஒரு விரை மேலேறி நிற்பது. இது விரை முறுக்கிக்கொண்டதன் அறிகுறியாக இருக்கலாம். அதிகமும் வளரிளம் பையன்களுக்கு வருவது. சுமார் 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து முறுக்கை எடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்; தாமதமானால் விரையையே எடுக்க வேண்டிவரும். அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டு விடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பையன் இழப்பது அதைத்தான். விரை என்ற சொல்லுக்கு அவசரப்படு என்றும் ஒரு பொருள் இருப்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று வலியே இல்லாத கெட்டியான கட்டி. 15 வயதிலிருந்து 40-க்குள் வரும் விரைப் புற்றுநோய் பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஆரம்பத்தில் பிடித்தால் மிக நன்றாகக் குணமாகும் புற்றுநோய்களில் அதுவும் ஒன்று.

ஸ்கேனில் நம் ஆளுக்குத் தெரிந்தது இடது பக்கம் லேசான வெரிக்கோசீல். கட்டி இல்லை, கல் இல்லை, தொற்று இல்லை. இப்போது ஆபரேஷன் தேவையில்லை, தாங்கும் உள்ளாடை போடுங்கள் என்றார் நிபுணர். அந்தச் சீட்டோடு திரும்பி வந்த பிறகுதான் ஆயுர்வேத டாக்டர் எழுத ஆரம்பித்தார். காலை மாலை சுகுமாரக் கஷாயம். இரவில் பாலில் அளவாக விளக்கெண்ணெய், அதுவும் அவர் சொன்ன நாட்களில் மட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும். சிறுநீரை அடக்கக்கூடாது. இரவுச் சாப்பாடு எட்டரைக்குள். தாத்தா காலத்துக் கோவணம் செய்த வேலையை இறுக்கமான உள்ளாடை செய்யும் என்று அவரும் சொன்னார். லாட்ஜ் லேகியத்தைக் கொட்டச் சொன்னார்.

கொட்டச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2004-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வெளியானது. பாஸ்டன் நகரப் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. 2008-ல் இன்டர்நெட்டில் வாங்கிய 193 மருந்துகளைச் சோதித்தபோதும் ஐந்தில் ஒன்றில் இருந்தது. வெளிப்படையாக விற்கும் மருந்துகளின் கதையே இப்படி என்றால், பெயரே இல்லாத டப்பாவில் என்ன இருக்கும் என்று யார் சொல்வது? ஈயம் நரம்பையும் ரத்தத்தையும் மட்டுமல்ல, விந்தணுவையும் கெடுக்கும். ஆண்மை பயத்தில் வாங்கும் மருந்து ஆண்மைக்கே உலை வைக்கலாம். உரிம எண், தயாரித்த தேதி, உள்ளிருக்கும் சரக்குகளின் பட்டியல், இவை மூன்றும் லேபிளில் இல்லாத எதையும் வாயில் போடாதீர்கள். மருத்துவரின் பதிவு எண்ணைக் கேட்பதும் மரியாதைக் குறைவல்ல. விளக்கெண்ணெய் வீட்டு மருந்துதானே என்று நீங்களாகவே ஆரம்பிக்கவும் வேண்டாம். குடலிறக்கம் அடைத்துக்கொண்டிருக்கும்போது பேதிக்குக் குடிப்பது ஆபத்து.

நான்கு மாதம் ஆயிற்று. வலி போய்விட்டதா? இல்லை. "பத்துக்கு ஏழா இருந்தது சார், இப்ப மூணு" என்கிறார். ஏர்போர்ட் சவாரி தொடர்ந்து இரண்டு வந்தால் நாலாகிறது. குறைத்தது கஷாயமா, உள்ளாடையா, நேரத்துக்குச் சாப்பிட்டதா, புற்றுநோய் இல்லை என்று தெரிந்த நிம்மதியா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டரும் சொல்லவில்லை. இந்த வலிக்கு ஆயுர்வேத மருந்து எந்த அளவுக்குக் கேட்கும் என்பதற்குப் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளின் சான்று இன்னும் இல்லை. ஆங்கில மருத்துவத்திலும் வலி மாத்திரை, நரம்பு வலிக்கான மாத்திரை, மரத்துப்போகும் ஊசி, கடைசியாக நரம்பைத் துண்டிக்கும் நுண் அறுவை என்று படிப்படியாகத்தான் போகிறார்கள். எல்லோருக்கும் முழுக் குணம் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. உத்தரவாதம் தந்தவர் லாட்ஜ் வைத்தியர் ஒருவர்தான்.

என்னால் நிச்சயமாகச் சொல்ல முடிந்தது ஒன்று. அவருடைய மனைவி இப்போது முதுகில் தைலம் தேய்ப்பதில்லை. எட்டரைக்குள் சாப்பிட வரவில்லை என்றால் போன் செய்து திட்டுகிறார்.

போன வாரம் தெருமுனையில் நின்றவர், ஸ்டாண்டிலிருக்கும் இன்னொரு டிரைவரை டாக்டரிடம் அழைத்துப் போவதாகச் சொன்னார். அதே தொல்லையாம், ஒரு வருடமாக.

"ஏன், அவருக்குக் கன்னடம் தெரியாதா?" என்று கேட்டேன்.

"அவன் மண்டியாக்காரன் சார்" என்றார். "ஆனா வாயைத் திறக்க மாட்டான். நான்தான் சொல்லணும்."